வன்னியில் என்.ஜி.ஓ வேலை: விசுவமடுவில் இருந்து வந்த கேள்விக்கு என் பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். விசுவமடுவைச் சேர்ந்த 26 வயதுப் பெண், கலைப்பட்டதாரி. முன்பள்ளியில் இரண்டு வருடம் படிப்பித்திருக்கிறார், ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராகவும் இருக்கிறார். எட்டு மாதமாக என்.ஜி.ஓ (அரச சார்பற்ற நிறுவன) வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டும் ஒரு நேர்முகத்துக்குக்கூட அழைப்பு வரவில்லை. "ஆள் தெரிந்தால்தான் கிடைக்குமா? கொழும்புக்குப் போகவேணுமா? எல்லாரும் மூடிக்கொண்டு போகிற நேரத்தில் இதை நம்பி இருக்கலாமா?" என்று கேட்கிறார். மோட்டார் சைக்கிள் ஓட அம்மா விடமாட்டார் என்று கடைசியில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார். அந்த வரிக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

நான் 2003 இல் கிளிநொச்சியில் ஒரு உள்ளூர் அமைப்பில் கணக்கெழுதப் போனவள். சமாதான காலம், சுனாமி, இடம்பெயர்வு, மெனிக் பாம் அகதி முகாம், மீள்குடியேற்றம் எல்லாவற்றையும் இந்த வேலையோடுதான் கடந்தேன். கடந்த பத்து வருடமாக ஆட்களைத் தெரிவு செய்கிற மேசையிலும் அடிக்கடி இருக்கிறேன். அங்கே கண்டதை வைத்துத்தான் சொல்கிறேன்.

வேலை இருக்கிறது, ஆனால் முன்னைய அளவு இல்லை. ஆள் தெரிவது உதவும், நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. கொழும்புக்கு இப்போது போகவேண்டாம். எல்லாவற்றுக்கும் முதல், "என்.ஜி.ஓ வேலை" என்று தேடுவதை இன்றோடு விடுங்கள். ஒருவர் வந்து "எனக்கு ஆஸ்பத்திரி வேலை வேணும்" என்றால், "என்ன வேலை, தாதியா, மருந்து கலக்கவா, கணக்குப் பகுதியா?" என்றுதானே கேட்போம். இங்கேயும் அப்படித்தான். உங்கள் எட்டு மாத விண்ணப்பங்களில் கள உத்தியோகத்தர், நிதி உதவியாளர், சிறுவர் பாதுகாப்பு, நீர் சுகாதாரம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே சுயவிபரக்கோவையை அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்க்கிறவருக்கு, இந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று பிடிபடாது. ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

வன்னியில் இன்றைக்கு எந்தெந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சொல்கிறேன். அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது இன்னும் கண்ணிவெடி அகற்றல்தான். ஹலோ ட்ரஸ்ட், மக் என்ற சர்வதேச அமைப்புகளும் டாஷ், ஷார்ப் என்ற உள்நாட்டு அமைப்புகளும் இதைச் செய்கின்றன. முகமாலையில் வெயிலுக்குள் முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறுகிறவர்களில் ஏராளமானோர் நம் பெண்கள், பலர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்கள். பட்டம் தேவையில்லை, பயிற்சியை அவர்களே தருவார்கள். ஆனால் இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, 2028 க்குள் முடிக்கவேண்டும் என்பது கெடு. வேலை நல்லபடி முடிந்தால் வேலையும் முடியும். அதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

அடுத்தது வாழ்வாதாரம். கமம், கடற்றொழில், கால்நடை, கூட்டுறவு, சிறுதொழில் என்று இதற்குள் பல இருக்கிறது. விவசாயம் படித்தவர்களுக்கு, முக்கியமாக அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படித்த பிள்ளைகளுக்கு, இது நேர்வழி. பிறகு உளசமூகப் பணி, பெண்கள் மற்றும் சிறுவர் பாதுகாப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான வேலை. இந்தப் பக்கம் காசு குறைவாக வரும், ஆனால் தேவை எங்கள் மாவட்டங்களில் ஒருநாளும் குறைந்ததில்லை. நீர், சுகாதாரம், வீடு கட்டும் திட்டங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேலை வரும், அது வரைபடம் தெரிந்தவர்களுக்கு. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் எந்தத் திட்டம் வந்தாலும் தேவைப்படுகிற இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள்: கணக்கைச் சரியாக வைத்திருக்கிறவர், களத்தில் நடந்ததை எண்ணிக்கையோடு எழுதித் தருகிறவர். இரண்டாவதைக் கண்காணிப்பும் மதிப்பீடும் என்பார்கள். இந்த இரண்டுக்கும் நல்ல ஆள் கிடைக்காமல் நாங்கள் மூன்றாம் தடவை விளம்பரம் போட்டதும் உண்டு.

நீங்கள் முன்பள்ளி ஆசிரியர், சங்கத்துச் செயலாளர். என் பார்வையில் சிறுவர் சார்ந்த வேலையும் சமூக அணிதிரட்டல் வேலையும்தான் உங்களுக்குக் கிட்ட இருப்பவை. அந்த இரண்டுக்கும் இரண்டு வேறு சுயவிபரக்கோவை தயார் செய்யுங்கள். மற்றதைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள்.

மூடிக்கொண்டு போகிறார்களே என்ற பயம் நியாயமானது. இந்த வேலைக்கு வருகிற காசு வன்னி மண்ணில் விளைவது இல்லை. எங்கேயோ ஒரு நாட்டில் எடுக்கிற முடிவு எங்கள் சம்பளத்தை நிறுத்தும். 2008 செப்டெம்பரில் போர் நடக்கும்போது அரசாங்கம் சர்வதேச நிறுவனங்களை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னபோது கிளிநொச்சியில் சனம் வீதிக்கு வந்து "எங்களை விட்டிட்டுப் போகாதேங்கோ" என்று மறித்தது. 2009 க்குப் பிறகு மீள்குடியேற்றத்தோடு வந்த காசு சில வருடங்களில் வற்றத் தொடங்கியது. நடுத்தர வருமான நாடு என்ற பெயரும் அதற்கு ஒரு காரணம். 2022 பொருளாதார நெருக்கடியோடு உணவு, வாழ்வாதாரத் திட்டங்கள் திரும்பக் கொஞ்சம் வந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, ஜூலையில் யூ.எஸ்.எயிட் என்ற நிறுவனமே மூடப்பட்டது. அந்தக் காசில் நடந்த திட்டங்களில் இருந்தவர்கள் கிழமைக் கணக்கில் வீட்டுக்குப் போனார்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தில் நான்கு வருடம் வேலை செய்தேன். புதுத் திட்டம் வரும், கவலைப்படாதேங்கோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் இரண்டு கிழமை அறிவித்தலோடு ஒரு கடிதம் வந்தது. மகள் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். அன்றையிலிருந்து யார் கேட்டாலும் ஒன்று சொல்வேன்: ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற முடிவுத் திகதியைத்தான் நம்பவேண்டும், வாயால் சொல்வதை நம்பி வீட்டுக் கடன் எடுக்கக்கூடாது. முடிவுத் திகதிக்கு நான்கு மாதம் இருக்கும்போதே அடுத்த வேலையைத் தேடத் தொடங்குங்கள். அதை நிறுவனத்துக்குச் செய்கிற துரோகமாக நினைக்கத் தேவையில்லை. இந்தத் துறையில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஆனாலும் நம்பலாமா என்றால், ஒரு திட்டத்தை நம்பி இருக்காமல் கையில் இருக்கிற ஒரு திறனை நம்பி இருந்தால் இருக்கலாம். என்னோடு 2010 இல் மீள்குடியேற்ற வேலைக்கு வந்தவர்களில் இன்றும் இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்றை வடிவாகத் தெரிந்தவர்கள். "என்ன தந்தாலும் செய்வேன்" என்று இருந்தவர்கள்தான் முதலில் வெளியே போனார்கள். அவர்களில் நல்ல உழைப்பாளிகள் இருந்தார்கள், அதுதான் கவலை.

சரி, வேலை எங்கே தேடுவது? இணையத்தில் ரிலீப்வெப், டொப்ஜொப்ஸ், நிறுவனங்களின் சொந்தப் பக்கங்கள், லிங்டின் எல்லாவற்றையும் கிழமைக்கு இரண்டு தரம் பாருங்கள், ஒவ்வொரு நாளும் பார்த்து மனம் சலிக்கத் தேவையில்லை. ஐ.நா. தொண்டர் திட்டத்தில் ஒரு பதிவு போட்டு வையுங்கள். உள்நாட்டுத் தொண்டர் பதவிகளுக்கு மாதக் கொடுப்பனவு உண்டு, பெயரில் தொண்டர் என்று இருந்தாலும். உதயன், வீரகேசரி ஞாயிறு இதழ்களில் உள்ளூர் அமைப்புகளின் விளம்பரம் இன்னும் வருகிறது. வாட்ஸ்அப்பில் வருகிறதை அந்த நிறுவனத்தின் பக்கத்தில் போய்ப் பார்த்த பிறகுதான் நம்புங்கள். விண்ணப்பக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைக்கு முற்பணம் என்று ஒரு ரூபா கேட்டாலும் அது ஏமாற்று. உண்மையான எந்த நிறுவனமும் வேலைக்குக் காசு கேட்காது.

ஆனால் இணையத்துக்கு வருவது ஒரு பகுதிதான். இப்போது பெரிய நிறுவனங்கள் பல நேரடியாகக் களத்தில் ஆள் வைப்பதைக் குறைத்து, உள்ளூர்ப் பங்காளி அமைப்புகள் ஊடாகச் செய்கின்றன. கள உத்தியோகத்தர் வேலை அந்த உள்ளூர் அமைப்புகளிடம்தான் இருக்கிறது. அவர்களுக்கு வடிவான இணையப்பக்கம்கூட இருக்காது. பிரதேச செயலகத்து விளம்பரப் பலகையில் ஒரு தாளை ஒட்டுவார்கள், இல்லாவிட்டால் தெரிந்த நாலு சங்கங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். நீங்கள் புதுக்குடியிருப்புப் பிரிவு. பக்கத்தில் கண்டாவளை, கரைச்சி, ஒட்டுசுட்டான். இந்த நான்கு பிரதேச செயலகத்துக்கும் ஒருநாள் ஒருநாளாகப் போய் வாருங்கள். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அரச சார்பற்ற நிறுவனங்களை ஒருங்கிணைக்கிற உத்தியோகத்தரைக் கண்டு, "எங்கள் பிரிவில் இப்போது எந்த அமைப்பு என்ன வேலை செய்கிறது?" என்று கேளுங்கள். வேலை கேட்காதீர்கள், விபரம் கேளுங்கள். சங்கத்துச் செயலாளர் என்று சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நன்றாகப் பதிவு செய்யப்பட்ட அமைப்பா என்பதும் அங்கேயே தெரியவரும்.

இப்போது "ஆள் தெரிய வேணுமா" என்ற கேள்விக்கு வருகிறேன். மச்சானுக்கும் பெறாமகளுக்கும் வேலை கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். அப்படியான இடத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்தாலும் நிம்மதியாக இருக்கமாட்டீர்கள். ஆனால் வேறு ஒரு விதத் தெரிதல் இருக்கிறது. அதை ஒரு சம்பவத்தால் சொல்கிறேன்.

2018 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கண்டாவளைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்து சனம் பள்ளிக்கூடங்களில் இருந்தது. நாங்கள் சமைத்த சாப்பாட்டோடும் பாயோடும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வாசலில் நாலு பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள், எத்தனை குடும்பம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பிள்ளை, உயர்தரம் எழுதிவிட்டு இருந்தவள், மேசையில் ஒரு சிஆர் கொப்பியோடு இருந்தாள். சிவப்புப் பேனையால் கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தாள். குடும்பத் தலைவர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை பேர், ஒரு வயதுக்குள் பிள்ளை, கர்ப்பிணி, சீனி வருத்தம், பிரஷர் குளிசை கொண்டுவந்தாரா இல்லையா, கைத்தடியை விட்டுவிட்டு வந்தவர். கடைசிக் கட்டத்தில் "வீட்டில் நிற்கிற மாடு" என்று எழுதியிருந்தாள். ஏன் பிள்ளை மாடு என்று கேட்டேன். "மாடு நிக்கிற வீட்டு ஆக்கள் இரவோட இரவா தண்ணிக்குள்ள திரும்பிப் போகினம் அக்கா, அவையளைத்தான் கவனமாப் பாக்கவேணும்" என்றாள். அங்கேயும் இன்னொரு பள்ளிக்கூடத்திலும் இரண்டு தரம் பெயர் பதிந்த ஆறு குடும்பத்தையும் அவளே கண்டுபிடித்து வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

அந்தக் கொப்பியைத்தான் அன்றைக்கு எல்லா நிறுவனமும் படம் பிடித்துக்கொண்டு போனது. இரண்டு மாதத்தில் எங்கள் அமைப்பில் மூன்று மாதத் தரவு சேகரிப்பு வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது ஒரே நேரத்தில் மூன்று பேர் அவள் பெயரைச் சொன்னோம். விளம்பரம் போட்டோம், அவளும் விண்ணப்பித்தாள், பரீட்சையிலும் அவள்தான் முதலாவது. பட்டத்தை வேலை செய்துகொண்டே வெளிவாரியாகப் பிறகுதான் எடுத்தாள். இன்றைக்கு ஒரு நிறுவனத்தில் கண்காணிப்பு உத்தியோகத்தர். அவளுக்கு மாமா ஒருவரும் இல்லை. அவள் செய்த வேலையைக் கண்ட ஆட்கள் இருந்தார்கள், அந்த விதத் தெரிதலைத்தான் சொல்கிறேன்.

உங்களிடமும் அப்படியான கொப்பி இருக்கும், நீங்கள் அதை எண்ணாமல் விட்டிருக்கிறீர்கள். உங்கள் சுயவிபரக்கோவையில் சங்கம் பற்றி ஒரே ஒரு வரி: "செயலாளர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்." இதுதான் உங்கள் தாளிலேயே பெறுமதியான இடம், அதை ஒரு வரியில் முடித்துவிட்டு, கீழே பாடசாலை வலைப்பந்தாட்டம், பொழுதுபோக்கு என்று அரைப் பக்கம் போட்டிருக்கிறீர்கள். எத்தனை அங்கத்தவர்? மாதக் கூட்ட அறிக்கையை யார் எழுதுகிறார்? சுழற்சிக் கடன் நடக்கிறதா, எவ்வளவு காசு சுற்றுகிறது, எத்தனை பேர் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள்? பிரதேச செயலகத்துக்கு என்ன கடிதம் எழுதி என்ன பெற்றீர்கள்? முன்பள்ளியில் எத்தனை பிள்ளை, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் என்ன செய்தீர்கள்? இதையெல்லாம் உங்கள் உண்மையான எண்ணிக்கையோடு ஆறு, ஏழு வரியில் எழுதுங்கள். "கடும் உழைப்பாளி, குழுவாக இயங்கக்கூடியவர், அழுத்தத்தின் கீழ் வேலை செய்யக்கூடியவர்" என்ற வசனங்களை எடுத்துவிடுங்கள். நூறு தாளில் தொண்ணூறில் அதே வசனம் அதே ஒழுங்கில் இருக்கிறது, கண் தானாகத் தாண்டிப் போய்விடும்.

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில்தான், ஆனால் எளிய ஆங்கிலத்தில், நீங்களே எழுதியதாக இருக்கட்டும். கடையில் காசு கொடுத்து எழுதுவித்த தாளில் இருக்கிற சொல்லுக்கு நேர்முகத்தில் அர்த்தம் கேட்டால் முகம் வெளிறிப் போகும், பார்த்திருக்கிறேன். விளம்பரத்தில் பதவி இலக்கம் இருந்தால் மின்னஞ்சல் தலைப்பில் அதைப் போடுங்கள். தொலைபேசி இலக்கம் இரண்டு கொடுங்கள், ஒன்று கவரேஜ் இருக்கிற இடத்தில் இருப்பவருடையது. நாங்கள் இரண்டு தரம் எடுத்துப் பார்த்துக் கிடைக்காவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடுவோம். விசுவமடுவில் உள்ளுக்கு எத்தனை வளவில் சிக்னல் இல்லை என்று உங்களுக்கே தெரியும். உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய இருவரின் பெயரைப் போடும்போது அதிபர், வைத்தியர் என்று பதவி பார்த்துப் போடாமல், உங்கள் வேலையைக் கண்டவரைப் போடுங்கள். கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர், முன்பள்ளி இணைப்பாளர் போன்றவர்கள். முதலே அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

படிக்கவேண்டியவை சில இருக்கின்றன, எல்லாம் வீட்டில் இருந்தே செய்யலாம். எக்செல் முதலாவது. பெயர்ப் பட்டியலை ஒழுங்காக அடுக்கவும், இரட்டைப் பதிவைப் பிடிக்கவும், கூட்டிக் கழிக்கவும் தெரிந்தால் முதல் கட்டத்துக்குக் காணும். கோபோ டூல்பாக்ஸ் என்று கைபேசியில் தரவு சேகரிக்கிற ஒரு கருவி இருக்கிறது, இலவசமாகக் கணக்குத் திறக்கலாம். வன்னியில் நான் கண்ட கணக்கெடுப்புகளில் அதிகம் அதில்தான் நடக்கிறது. உங்கள் சங்க அங்கத்தவர்களுக்கே பத்துக் கேள்வியில் ஒரு படிவம் செய்து பழகுங்கள். நேர்முகத்தில் "கோபோ தெரியுமா" என்று கேட்டால், "எங்கள் சங்கத்துக்கு நானே ஒன்று செய்தேன்" என்று கைபேசியை எடுத்துக் காட்டலாம். டிசாஸ்டர்ரெடி, காயா என்ற இணையத்தளங்களில் சிறுவர் பாதுகாப்பு, மனிதாபிமானக் கோட்பாடுகள் பற்றி இலவசப் பாடங்கள் உண்டு, சான்றிதழும் தருவார்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதனால் மொழியும் கூடவே பழகும். சமூகப்பணியை முறையாகப் படிக்க ஆசை இருந்தால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் சமூகப்பணி டிப்ளோமா இந்தத் துறையில் மதிப்புள்ளது. சிங்களம் கொஞ்சம் கதைக்கத் தெரிந்தால் அது மேலதிக பலம். மாங்குளத்துக்குத் தெற்கே வேலை நகர நகர அதன் அருமை தெரியும்.

நேர்முகப் பரீட்சையில் என்ன கேட்பார்கள்? உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற பகுதியை விடுங்கள். நான் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "ஒரு கிராமத்தில் 20 குடும்பத்துக்குத்தான் உதவி இருக்கிறது. 60 குடும்பம் கேட்கிறது. கிராம அலுவலர் தன் பட்டியலைக் கையில் தருகிறார், சங்கத் தலைவி வேறு ஒரு பட்டியலைத் தருகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?" பலர் "கஷ்டப்பட்டவர்களுக்குக் கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். யார் கஷ்டப்பட்டவர் என்பதுதானே கேள்வியே. எனக்குப் பிடித்த பதிலை ஒரு பிள்ளை இப்படிச் சொன்னாள்: இரண்டு பட்டியலையும் மரியாதையாக வாங்குவேன். முதலில் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்து, எந்த அடிப்படையில் எடுக்கப்போகிறோம் என்பதை எல்லாருக்கும் முன்னால் எழுதுவேன். பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்ப்பேன், கூட்டத்துக்கே வராத வீட்டுக்கு முதலில் போவேன். தெரிவான பெயர்களை மண்டபத்துச் சுவரில் ஒரு கிழமை ஒட்டி வைத்து, முறைப்பாடு இருந்தால் சொல்லச் சொல்வேன், அதற்குப் பிறகுதான் கடைசிப் பட்டியல். "கூட்டத்துக்கே வராத வீடு" என்றாள் பாருங்கள், அந்த இடத்தில் நான் பேனையை எடுத்து மதிப்பெண் போட்டுவிட்டேன்.

ஏனென்றால் எங்கள் சனம் எழுதுவித்து எழுதுவித்துக் களைத்த சனம். முகாமில் எழுதினார்கள், மீள்குடியேறும்போது எழுதினார்கள், வீட்டுத் திட்டத்துக்கு எழுதினார்கள், வறட்சிக்கு எழுதினார்கள். நீங்கள் ஒரு படிவத்தோடு போய்ப் படலையில் நின்றால், "எத்தனை தரம் பிள்ளை எழுதிக்கொண்டு போறியள், என்னத்தைத் தந்தனியள்?" என்று கேட்பார்கள். கோபம் வரக்கூடாது. முற்றத்தில் இருந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, தரமுடியாததைத் தரமுடியாது என்று அன்றைக்கே சொல்லுகிற ஆள்தான் இந்த வேலைக்கு வேண்டும். விசுவமடுவில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு அதைப் படிப்பிக்கத் தேவையில்லை. கொழும்பில் இருந்து நல்ல ஆங்கிலத்தோடு வருகிற பிள்ளைக்கு அதற்கு ஒரு வருடம் எடுக்கும். கொழும்புக்கு இப்போது போகவேண்டாம் என்று நான் சொல்வதன் காரணமும் இதுதான். அங்கே உங்களைப் போல ஆயிரம் பேர், இங்கே உங்கள் ஊரைத் தெரிந்த ஆள் நீங்கள். மூன்று நான்கு வருடக் கள அனுபவத்தோடு திட்ட முகாமையாளராகப் போக விரும்பினால் அப்போது போங்கள்.

இன்னும் இரண்டு கேள்வி கட்டாயம் வரும். ஒன்று, பயனாளிகளிடம் சக ஊழியரோ மேலதிகாரியோ பிழையாக நடந்தால் என்ன செய்வீர்கள் என்பது. உதவிக்குப் பதிலாக எதையும், ஒரு கோழியைக்கூட, வாங்கக்கூடாது. பிழையைக் கண்டால் யாராக இருந்தாலும் நிறுவனத்தின் முறைப்பாட்டு வழியில் அறிவிக்கவேண்டும். தயங்காமல் சொல்லுங்கள், பிறகு வேலையிலும் அப்படியே நடவுங்கள். கணவனை இழந்த பெண்கள் இவ்வளவு பேர் தனியாக வாழ்கிற மண்ணில் இது வெறும் நேர்முகக் கேள்வி இல்லை. மற்றது, "அரசாங்க வேலை வந்தால் போய்விடுவீர்களா?" 2020 இல் பட்டதாரிப் பயிலுனர் நியமனம் வந்தபோது எங்கள் பிள்ளைகளும் பாதித் திட்டத்தில் விட்டுவிட்டுப் போனார்கள், அந்தப் பயத்தில்தான் கேட்கிறோம். பொய் சொல்லாதீர்கள். "வந்தால் யோசிப்பேன், ஆனால் ஒப்பந்தம் முடியும்வரை இருப்பேன், போவதென்றால் முறையாக ஒப்படைத்துவிட்டுப் போவேன்" என்று சொன்ன பிள்ளையை நாங்கள் எடுத்திருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. "கள உத்தியோகத்தர், கிளிநொச்சி, முல்லைத்தீவு, உடனடியாகத் தேவை, கவர்ச்சிகரமான கொடுப்பனவு" என்று வருகிற விளம்பரங்களில் பல நுண்கடன் கம்பனிகளுடையவை. அது என்.ஜி.ஓ இல்லை. கிழமைக் கட்டுக்காசு வாங்க ஒரு தாயின் வீட்டு வாசலில் பொழுதுபடும்வரை காத்திருக்கிற வேலை அது. 2018 இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பாருங்கள். எல்லாக் கடன் அமைப்பும் ஒன்றில்லை, ஆனால் ஊரில் "லோன்காரர்" என்று பெயர் எடுத்த பிறகு அதே கிராமத்துக்குள் சமூக வேலைக்காகப் போவது கடினம்.

வேலை கிடைத்தால் கையெழுத்துப் போடமுதல் பார்க்கவேண்டியது: ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 சதவீதம் பிடித்து அவர்கள் 12 சதவீதம் போடவேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்களே 3 சதவீதம். மிகச் சின்னத் தொண்டு அமைப்புகள் சிலவற்றைத் தவிர மற்ற இடங்களில் இது சட்டம். "ஆலோசகர்" என்று பெயர் போட்டு இதைத் தவிர்க்கிற இடங்கள் உண்டு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடையும் உரித்து, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில். அதனால் ஒவ்வொரு ஒப்பந்தக் கடிதத்தையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். களப்பயணத்துக்கு எரிபொருள் காசு எப்படி, விபத்துக் காப்புறுதி உண்டா என்றும் கேளுங்கள். கேட்டால் வேலை தரமாட்டார்கள் என்று பயப்படவேண்டாம், கேட்கிறவரைத்தான் நாங்கள் விபரமான ஆள் என்று நினைப்போம்.

கடைசியாக அம்மாவின் விஷயம். கள வேலை விளம்பரங்களில் "செல்லுபடியாகும் மோட்டார் சைக்கிள் சாரதி அனுமதிப்பத்திரம்" என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள், அது சும்மா போடுகிற வரி இல்லை. புதுக்குடியிருப்பில் இருந்து உள்ளுக்குக் கிராமங்களுக்குப் பஸ் ஒருநாளைக்கு எத்தனை தரம் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் எட்டு மாத விண்ணப்பங்களில் சிலது அந்த ஒரு வரியிலேயே நின்றிருக்கும். எங்கள் அம்மாவும் விடவில்லை. பரந்தன் சந்தியில் வைத்து ஒரு நாள் என் நிறுவனத்து அக்காமார் மூன்று பேர் ஹெல்மெட்டோடு வந்து அம்மாவோடு தேத்தண்ணி குடித்துக் கதைத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை, ஹெல்மெட்டைத்தான் ஒவ்வொரு காலையும் எடுத்து நீட்டுவார். உங்கள் ஊரிலும் கண்ணிவெடி அகற்றப் போகிற, குடும்பநல வேலைக்குப் போகிற, ஸ்கூட்டியில் திரிகிற பெண்கள் இருப்பார்கள். ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பழகுநர் அனுமதிக்கு இந்த மாதமே விண்ணப்பம் போடுங்கள். அதற்கிடையில் திருத்திய சுயவிபரக்கோவை இரண்டையும் எனக்கு அனுப்புங்கள், வடிவாகப் பார்த்துச் சொல்கிறேன்.